கொதோமியின் காலைச் சிறுநீர்

1

இந்தக் கதை மீன் கடையில் பிறந்தது. அதை மறைத்துப் பயனில்லை. ஜப்பானில், தொயாமா வளைகுடாவை ஒட்டிய எங்கள் ஊரில், தெய்ஜியின் கடையில் கானாங்கெளுத்தி வாங்கப் போயிருந்தேன். அவர் மனைவி சிஸுரு மீனைத் தாளில் சுற்றிக்கொண்டே, "எங்க வீட்டுல ஒரு கூத்து நடந்துச்சுங்க, கேக்கறீங்களா?" என்றாள். கேட்டேன். வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது: கதையின் நட்டநடுவில் ஒரு குழந்தையின் சிறுநீர் இருக்கிறது. எந்தப் பத்திரிகைக்காரர் இதைத் தொடுவார்?

முதல் தொடக்கம்: "செர்ரிப் பூக்கள் உதிர்ந்துகொண்டிருந்த அந்தக் காலையில்..." அடித்துவிட்டேன். பூவைப் போட்டால் நீங்கள் வேறு எதையோ எதிர்பார்ப்பீர்கள்.

இரண்டாம் தொடக்கம்: "சிஸுருவின் மகளுக்குக் கிட்னி..." இதுவும் வேண்டாம். கிட்னி என்றதுமே நீங்கள் அழத் தயாராகிவிடுவீர்கள்.

2

ஆகவே நேராகவே சொல்லிவிடுகிறேன். பள்ளியில் சிறுநீர்ப் பரிசோதனை நாள்.* சிஸுருவின் மகள் கொதோமி மூன்றாம் வகுப்பு. விடியுமுன்பே எழுந்து அப்பாவோடு ஐஸ் பெட்டி இழுப்பது அவள் பழக்கம். அன்றும் இழுத்தாள். இழுத்துவிட்டுக் காலைப் பின்னிக்கொண்டு நின்றாள்.

"அப்பா, முட்டுது!"

"கொஞ்சம் பொறு தாயி. கிளம்பறப்போ எடுத்துக்கலாம். நர்ஸம்மா கைக்குச் சூடா போய்ச் சேரணும்."

"ஏங்க, புள்ள துடிக்குது பாருங்க" என்றாள் சிஸுரு.

"நான் என்னைக்காவது பழசை அடுத்தவங்க கையில கொடுத்திருக்கேனா? மானம் போயிடும்!"

மீன்காரர் வீட்டில் அதற்கு மேல் யாரும் வாதாட முடியாது. புத்தகப் பையை மாட்டிய பிறகுதான் கொதோமி குப்பியோடு கழிவறைக்கு ஓடினாள்.

(* இங்கே எல்லாப் பிள்ளைகளும் ஆண்டுக்கொரு முறை குப்பியில் எடுத்துப் போக வேண்டும். சிறுநீரக நோய் சத்தம்போடாமல் வரும், அதைச் சீக்கிரம் பிடிக்கத்தான். படுக்கப்போகும் முன் ஒரு தரம் போய்விட்டு, காலையில் கண் விழித்ததும் எடுக்க வேண்டும் என்பது விதி. கண் விழித்ததும். இதை இப்போதே உங்களிடம் சொல்லியிருக்கக் கூடாதோ?)

3

சிறுநீரில் புரதம் இருக்கிறது, சிறுநீரகக் கோளாறாக இருக்கலாம் என்று முடிவு வந்தது. மறுபடி ஒரு குப்பி கொடுத்தார்கள். தெய்ஜி இந்த முறை இன்னும் கவனமாக, கடைசி நிமிடம் வரைக்கும் மகளைப் பிடித்து வைத்தார். மறுபடியும் புரதம்.

"பயப்படாதீங்க. பெரிய ஆஸ்பத்திரியில ஒரு தடவை காட்டிடுங்க. அதுவரைக்கும் நீச்சல் மட்டும் வேண்டாம்" என்றார் பள்ளி நர்ஸ்.

பயப்படாதீங்க என்று யாராவது சொன்னால்தானே பயமே வருகிறது! சிஸுருவுக்குச் சோறு இறங்கவில்லை. அவளுடைய சித்தி டயாலிசிஸில் கிடந்து வாடியதைப் பார்த்தவள் அவள். அந்தக் கட்டிலில் சித்தி இருந்த இடத்தில் கொதோமியை நினைத்துப் பார்த்துவிட்டு, அப்படி நினைத்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள். வீட்டில் யாரும் சொல்லாமலே உப்பை நிறுத்தினாள்.

"அம்மா, இது மிசோ சூப்பா, பாத்திரம் கழுவின தண்ணியா?"

"வாயை மூடிட்டுக் குடிடி."

தெய்ஜி கடைக்குப் பின்புறம் போய், மீன் செதில்களுக்கு நடுவே உட்கார்ந்து, கண்ணீர்

(இல்லை. தெய்ஜி அழுதார் என்று சிஸுரு சொல்லவில்லை. "அந்த மனுஷன் ஒரு வாரமா யாரையும் திட்டலீங்க" என்றுதான் சொன்னாள். அதுவே போதும்.)

4

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் ஓகுனோ கேட்டார்: "காலையில எழுந்த உடனே எடுத்ததுதானே?"

"ஆமா டாக்டர், காலையிலதான்" என்றாள் சிஸுரு.

"பொய்யி!" என்றாள் கொதோமி. "ஐஸ் பெட்டியெல்லாம் தூக்கிட்டு, அடக்கி அடக்கி, ஸ்கூலுக்குக் கிளம்பறப்போதான் எடுத்தேன். அப்பாதான் பழசு ஆகாதுன்னாரு."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "உங்க வீட்டுக்காரர் என்ன வேலை பாக்கறார்?"

"மீன் கடை."

அவர் சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டார். "அம்மா, இது மீன் இல்ல. ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை போயிடணும். காலையில கண்ணு முழிச்சதும் படுக்கையிலேருந்து நேரா போய் எடுத்துட்டு வாங்க. இங்க வந்தப்புறம் இன்னொண்ணு எடுப்போம். ரெண்டையும் பாத்துட்டுப் பேசலாம்."

5

இங்கேதான் எனக்குச் சபலம் தட்டியது. இரண்டு குப்பியிலும் புரதம் என்று எழுதினால் கதைக்குக் கனம் கூடும், விமர்சகர்கள் தலையாட்டுவார்கள். எழுதியும் பார்த்தேன். சிஸுரு நாளை என்னிடம் மீன் தரமாட்டாள் என்று தோன்றியது. போகட்டும், நடந்ததையே எழுதுகிறேன்.

விழித்ததும் எடுத்ததில் ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரியில் எடுத்ததில் மட்டும் புரதம்.

"நின்னா, நடந்தா சில பிள்ளைங்களுக்கு இப்படிப் புரதம் இறங்கும். படுத்தா நின்னுடும். இது நோய் இல்லை. வளர வளரத் தானா போயிடும். அடுத்த வருஷமும் பரிசோதனை பண்ணிக்கட்டும், அது போதும்" என்றார் டாக்டர்.

"நீச்சல்?" என்றாள் கொதோமி.

"தாராளமா."

"உப்பு?"

"உப்பை யாரு நிறுத்தச் சொன்னா?"

கொதோமி அம்மாவை முறைத்தாள். சிஸுருவுக்கு உடம்பே லேசாகிவிட்டது. தெய்ஜிக்குப் போன் போட்டு, "உங்க ஃப்ரெஷ்ஷை உடைப்புல போட! ஒண்ணுமில்லையாம்ங்க, ஒண்ணுமே இல்லையாம்" என்று கத்தினாள். அந்தப் பக்கமிருந்து மூக்கை உறிஞ்சும் ஓசை கேட்டது. (ஆக, அழுதிருக்கிறார்.)

இங்கே முடித்திருக்கலாம்.

6

ஆனால் காத்திருக்கும் கூடத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் போடும் மஞ்சள் தொப்பி ஒன்று அவர் மடியில் இருந்தது. அவர் பிள்ளை உள்ளே பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துக்கொண்டிருந்தது. சிஸுருவின் சிரித்த முகத்தைப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்:

"நல்ல சேதிங்களா?"

"ஆமாங்க" என்றாள் சிஸுரு. சொன்னதும் அவளுக்கு வெட்கமாகிவிட்டது. அவள் கிளம்பவில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எங்களுக்கும் ஸ்கூல்லதான் பிடிச்சாங்க. புரதத்தோட ரத்தமும் சேர்ந்து வருதாம். சீக்கிரமே தெரிஞ்சது நல்லதுன்னு சொல்றாங்க."

"நல்லதுதாங்க" என்றாள் சிஸுரு. கொதோமியும் வீட்டுக்குப் போகலாம் என்று அவசரப்படுத்தாமல் அம்மாவை ஒட்டி உட்கார்ந்துகொண்டாள்.

அப்புறம் என்ன ஆயிற்று என்று கடையில் கேட்டேன். "உள்ள கூப்பிட்டாங்க, அவர் போயிட்டாரு" என்றாள் சிஸுரு. அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். அந்த மஞ்சள் தொப்பிப் பிள்ளையின் முடிவை நான் பலவிதமாக எழுதிக் கிழித்துப் போட்டேன். எனக்குக் கை வரவில்லை. பேனாவை உங்களிடம் தருகிறேன். தயவுசெய்து, நல்லபடியாக எழுதுங்கள்.