நேசையனின் இடது பக்கம்

தாசம்மாளுக்குச் சவப்பெட்டி அளவெடுக்க ஞானசிகாமணி மேஸ்திரி போனது ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். உயிரோடு இருக்கிற ஆளுக்கு அளவெடுப்பது அவருக்கு அதுதான் முதல் தடவை. செத்தவர்கள் பேசாமல் கிடப்பார்கள். இவளோ முழக்கோலைக் கண்டதும் கட்டிலில் நிமிர்ந்து, காலை நீட்டி விறைத்துக்கொண்டு, "செரியா அளவெடும். காலு மடங்கிப்போச்சுன்னு அங்க போயி நான் புகாரு சொல்லப்படாது, கேட்டீரா" என்றாள். வயிற்றில் கட்டி. இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இருபத்தைந்து வருஷம் வீடு வீடாக ஏறி இறங்கிப் பெண்களுக்கு வேதம் வாசித்துக் காட்டியவள், தன் சாவைப் பற்றியும் அடுத்த தெருவுக்குப் போய்வருகிற மாதிரியே பேசினாள். அவளுக்கு அறுபத்திரண்டு வயது, மேஸ்திரிக்கு நான்கு குறைவு. செத்துப்போன அவள் புருஷன் நேசையனை அண்ணன் என்று கூப்பிட்டுப் பழகியதால் அவளை மைனி என்பார்.

முழக்கோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்தவரை அவள் உட்காரச் சொன்னாள்.

"சிகாமணி, எனக்கொரு ஆசை உண்டு. கல்யாணத்துக்கு நான் அவருக்க எடது பக்கம்தான் நின்னேன். எழும்பும்போதும் எடது பக்கம் நிக்கணும். போதகருகிட்ட சொல்லியாச்சு. அவருக்க குழிக்கு ரெண்டு பக்கமும் எடம் ஒழிஞ்சுதான் கெடக்காம். அவர வச்சது நீருதானே? எடது பக்கம்னா வடக்குதானே வரும்? சனியாழ்ச்ச சாயங்காலம் போதகரு எடம் பாக்க வாராரு. அதுக்கு முந்தி நீரு போயி வடக்க ஒரு முளை அடிச்சு வையும்."

அவர்கள் சபையில் எல்லாரையும் தலை மேற்கே, கால் கிழக்கே வைத்துத்தான் அடக்குவார்கள். நியாயத்தீர்ப்பு நாளில் கர்த்தர் கிழக்கிலிருந்து வருவார். எக்காளம் தொனிக்கும்போது மண்ணைத் தள்ளிவிட்டு எழுந்து நிற்கிறவர்கள் அவர் முகத்துக்கு நேரே நிற்க வேண்டும். கிழக்கே பார்த்து நிற்கிறவனுக்கு இடது கை வடக்கே. தாசம்மாள் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை.

"செரி, மைனி" என்று சொல்லிவிட்டு மேஸ்திரி தெருவில் இறங்கினார். செருப்பை மாட்டிக்கொள்ள மறந்துபோய், பாதி வழியில் கால் சுட்ட பிறகுதான் திரும்பி வந்து எடுத்துக்கொண்டு போனார்.

அவருடைய பட்டறை ஆரியசாலையில் மொத்தக் கடைகளுக்குப் பின்புறம் இருந்தது. வியாபாரிகளுக்குச் சரக்குப்பெட்டி அடிப்பது பிழைப்பு, சபையாருக்குச் சவப்பெட்டி செய்வது ஊழியம். ஒரு காலத்தில் அதே பட்டறையில் அவரும் நேசையனும் எதிரெதிரே நின்று ரம்பம் இழுத்தவர்கள். நேசையன் நல்லவர். நல்லவர் என்றால் கூட இருக்கிறவனுக்குக் கொஞ்சம் கஷ்டம் தருகிற வகை நல்லவர். மேஸ்திரி அந்த நாளில் சாலைக் கடைவீதிக்குப் பின்னால் இருந்த கள்ளுக்கடைக்குப் போய்வருவது சபைக் கமிட்டியின் காதுக்கு எட்டி, கூப்பிட்டு விசாரித்தார்கள். வேதப்புத்தகத்தின் மேல் கை வைத்து, "அந்தப் பக்கமே நான் போறதில்ல" என்றார் மேஸ்திரி. நேசையனைக் கேட்டார்கள். "ரெண்டு தடவ நான்தான் தாங்கிப் பிடிச்சு வீட்டுல கொண்டு விட்டேன்" என்றார் அவர். அவ்வளவுதான். குடித்ததற்கு ஆறு மாதம், பொய்ச் சத்தியத்துக்கு ஒரு வருஷம் என்று மேஸ்திரியை ராப்போஜனத்திலிருந்து தள்ளி வைத்தார்கள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, அப்பமும் திராட்சரசமும் வருகிற நேரத்தில் எழுந்து வெளியே போக வேண்டும். பிள்ளைகளெல்லாம் திரும்பிப் பார்க்கும். நேசையன் பொய் சொல்லியிருந்தால் அவரை மன்னித்திருக்கலாம். உண்மையைச் சொன்னவனை என்ன செய்வது? அதுதான் மேஸ்திரிக்கு ஆறவே இல்லை.

தள்ளி வைத்து நான்கு மாதம் ஆனபோது மலையாளக் கணக்கில் தொண்ணூற்றொன்பதாம் ஆண்டின் பெருவெள்ளம் வந்தது. தண்ணீர் வடிந்ததும் வாந்திபேதி தொடங்கியது. நேசையன் காலையில் படுத்தவர் மாலைக்குள் போய்விட்டார். தாசம்மாளும் அதே நோயில் நினைவில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அப்போதிருந்த போதகர் வெள்ளத்தில் நெய்யாற்றுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார். சபையில் ஒருவரும் அந்த வீட்டு வாசலை எட்டிப்பார்க்கவில்லை. மேஸ்திரிதான் போனார். சோப்பு வந்த பெட்டிப் பலகைகளை வைத்து ஒரு மணி நேரத்தில் பெட்டி அடித்தார். தோள் பக்கம் அகலமும் கால் பக்கம் ஒடுக்கமுமாகச் செய்ய நேரமில்லை. வெறும் நேர்ப்பெட்டி. நேசையனைக் குளிப்பாட்டி, வேஷ்டி உடுத்தி, தானே தூக்கி உள்ளே கிடத்தி ஆணி அடித்தார். அதுவரை அவர் மனதில் கசப்பு இல்லை, அழுதுகொண்டேதான் எல்லாம் செய்தார். நோய்க்காலத்துக்கென்று சர்க்கார் அமர்த்தியிருந்த இரண்டு கூலியாட்கள் கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டி வைத்திருந்தார்கள். கயிற்றில் இறக்கப்போகும்போது அவர்களில் ஒருவன், "மேஸ்திரி, தலை எது?" என்று கேட்டான்.

ஆணி அடித்த நேர்ப்பெட்டியில் தலை எது, கால் எது என்று அவரைத் தவிர யாருக்கும் தெரியாது. அப்போதுதான் அந்தப் பாழாய்ப்போன எண்ணம் வந்தது. பெரிய சத்தியவான் அல்லவா, கர்த்தர் வரும்போது எங்கே எங்கே என்று நாலு பக்கமும் தேடட்டும். கால் மாட்டைத் தொட்டு, "இதுதான் தலை" என்றார். ஆட்கள் அதை மேற்கே வைத்து இறக்கினார்கள். மாற்றுங்கள் என்று சொல்ல அவருக்கு நேரம் இருந்தது. முதல் கூடை மண் விழுகிறவரை இருந்தது. அவரே ஒரு சின்ன ஜெபமும் செய்தார்.

தாசம்மாள் பிழைத்து வந்தாள். உயிருக்குப் பயப்படாமல் விரோதியை அடக்கம் செய்தவன் என்று சபை முழுக்க மேஸ்திரியின் பேர் பரவியது. தண்டனைக் காலத்தில் மிச்சம் இருந்ததைக் கமிட்டி ரத்து செய்து, அடுத்த ராப்போஜனத்திலேயே அவரை முன் பெஞ்சில் உட்கார வைத்தது. மூன்று வருஷத்தில் டீக்கன் ஆனார். ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் தாசம்மாள் ஒரு டப்பா முந்திரிக்கொத்து செய்து கொடுத்து அனுப்பினாள். அவரும் சாப்பிட்டார்.

அதன் பிறகு தன் வாழ்க்கையில் நடந்த எல்லாவற்றையும் மேஸ்திரி தீர்ப்பாகவே படித்தார். மனைவி லீலாபாய் ஜன்னி கண்டு செத்தபோது, இதுதான் என்று நினைத்தார். மகனுக்குத் தலைமைச் செயலகத்தில் வேலை கிடைத்தபோது, அப்படியானால் அது இல்லை என்று நினைத்தார். பட்டறையில் தீப்பிடித்தபோது மறுபடியும் இதுதான் என்று தோன்றியது. புதுப் பட்டறை முன்னதைவிடப் பெரிதாக அமைந்ததும் குழம்பிப்போனார். நேசையன் வழி தெரியாமல் நிற்பார் என்றெல்லாம் இப்போது அவர் நம்பவில்லை. கர்த்தர் அவ்வளவு கையாலாகாதவர் இல்லை. அவருக்குப் பயமெல்லாம், அன்றைக்குத் தன்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்கப்படும் என்பதுதான். அந்த ஆள் தலை எது என்று கேட்டபோது நீ எதைத் தொட்டாய்?

புதன், வியாழன் இரண்டு நாளும் தாசம்மாளுக்காகப் பலாப் பலகையை இழைத்தார். சும்மா இருந்துவிட்டால் யாருக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை. வடக்கே ஒரு முளை, சுத்தியலால் நாலு அடி, முடிந்தது வேலை. ஆனால் அது அவள் கேட்ட இடமாக இருக்காது. நேசையனின் வலது பக்கத்தில், அவருக்கு நேர் எதிராகத் தலை வைத்துக் கிடப்பாள். பதினாலு வருஷத்துக்கு முன் செய்தது ஒரு நொடியில் வந்த கெட்ட புத்தி என்று சொல்லிக்கொள்ளலாம். இதை என்னவென்று சொல்லிக்கொள்வது? வெள்ளிக்கிழமை காலை இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டு, மேலில் ஒட்டிய மரச்சுருளைக்கூடத் தட்டாமல் கிளம்பினார்.

தாசம்மாளின் தங்கை மகள் அம்மிணி கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். மேஸ்திரியின் முகத்தைப் பார்த்ததும் தாசம்மாள், "நீ கிணத்துல போயி வெள்ளம் கோரீட்டு வா, மக்களே" என்று அவளை அனுப்பிவிட்டாள். மேஸ்திரி நின்றுகொண்டே சொன்னார். இத்தனை வருஷம் மனதுக்குள் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்திருந்தது, வாயில் வந்தபோது நாலு வரியில் முடிந்துவிட்டது.

தாசம்மாள் கூரையைப் பார்த்தபடி கேட்டாள்.

"அன்னைக்கு மழைக்கோளு. சூரியன் இல்ல. தெசை தெரியாமப் போயிருக்கும். அப்படித்தானே?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். அதை அவளே எடுத்துக் கையில் கொடுத்திருந்தாள்.

"இல்ல, மைனி. தெரிஞ்சுதான் காட்டினேன்."

"அவரு கமிட்டியில சொன்னது பொய்யா?"

"இல்ல. உள்ளதுதான்."

"பதினாலு கிறிஸ்மஸு. அந்த முந்திரிக்கொத்த எப்படித் தின்னீரு?"

"தின்னேன், மைனி" என்றார்.

அவள் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள். முதுகெலும்பு ரவிக்கைக்கு மேலே எண்ணிவிடலாம் போலத் தெரிந்தது. இருமுகிறாளா அழுகிறாளா என்று அவரால் சொல்ல முடியவில்லை. "நானே தோண்டித் திருப்பி வச்சிருதேன், மைனி. இன்னைக்கே செய்யலாம்" என்றார்.

"அவரத் தொடாதேயும்." திரும்பாமலே சொன்னாள். "அவர எழுப்புதவரு எழுப்பட்டும். நீரு எழுப்பாண்டாம்."

பிறகு மெதுவாகப் புரண்டு அவரைப் பார்த்தாள். வேதம் சொல்லிக்கொடுக்கிறவளின் பழைய கண்டிப்பு அந்த முகத்தில் வந்திருந்தது.

"அப்ப அவருக்க எடது பக்கம் இப்ப எது?"

"தெக்கு."

"தெக்க முளை அடியும். எனக்க தலையையும் கிழக்கதான் வைக்கணும். அவருக்க தலை மாதிரி."

"மைனி!" மேஸ்திரி பதறிப்போனார். "நீங்க எத்தன பேருக்கு வேதம் சொன்னவங்க. கர்த்தரு வரும்போ நீங்க முதுகக் காட்டிட்டா எழும்புவீங்க? சபையில என்ன சொல்லுவாங்க?"

"எல்லாரும் ஒரு பக்கம் பாத்து எழும்பும்போ அந்த மனுசன் மட்டும் ஒத்தையில மறுபக்கம் பாத்து முழிச்சிட்டு நிப்பாரு. நான் எனக்க முகத்தக் கர்த்தருக்குக் காட்டிட்டு நிக்கவா? எங்கூட நிக்க ஆளிருக்குன்னு அவருக்குத் தெரியாண்டாமா?" மூச்சு வாங்கியது. "கர்த்தரு எங்கிட்ட கேட்டா நான் சொல்லிக்கிடுவேன்."

மேஸ்திரி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். "மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, மைனி."

"அத எங்கிட்ட கேக்காதேயும். குழியில கெடக்கது நானில்ல. அன்னைக்கு நீரே அவருக்க முகத்தப் பாத்துச் சொல்லும். நான் பக்கத்துல நின்னு கேப்பேன்." கண்ணை மூடிக்கொண்டாள். "தலையக் கிழக்க வைக்கணும்னா போதகரு காரணம் கேப்பாரு. நான் பறயமாட்டேன். நீருதான் சொல்லணும். சொல்லாம எனக்குப் பெட்டி செய்யாண்டாம்."

மறுநாள் சாயங்காலம் மேஸ்திரி சுத்தியலும் முளையும் முழக்கோலுமாகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனார். சொன்ன நேரத்துக்கு முக்கால் மணி முன்பே போய்விட்டார். நேசையனின் கல்லறை மதிலோரமாக, புல் மூடிக் கிடந்தது. மேற்கு முனையில் தலைமாட்டுக்கல். அதைச் செதுக்கச் சொல்லி அங்கே நட்டதும் அவர்தான். அது அந்த மனிதரின் காலடியில் நிற்கிறது என்று நினைத்ததும் அவருக்கு அங்கே நிற்கவே கூசியது. தெற்குப் பக்கம் போய் முழக்கோலை வைத்து அளந்தார். நீளத்துக்கு ஐந்தடி வைத்துக் கல் ஒன்று போட்டார். முளையை எடுத்து ஊன்றினார், ஆனால் அடிக்கவில்லை. சபையார் தன்னைப் பழையபடி கடைசி பெஞ்சுக்கு அனுப்பலாம். மகன் தலை குனிந்து நடக்க வேண்டியிருக்கும். டீக்கன் தாத்தா என்று ஓடிவருகிற பிள்ளைகள் வராமல் போகலாம். இதெல்லாம் நடக்கும் என்று தெரிந்தே வந்திருந்தார். ஆனாலும் கை எழவில்லை.

பிறகு என்ன தோன்றியதோ, மேல்துண்டை எடுத்துப் புல்லின் மேல் விரித்து, தாசம்மாளுக்கென்று அளந்த இடத்தில், கிழக்கே தலை வைத்து மல்லாந்து படுத்தார்.

இறங்குவெயில் நேராகக் கண்ணில் குத்தியது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தால் மதிலும், மதிலுக்கு மேலே தென்னங்கீற்றும், இரண்டு காக்கையும்தான் தெரிந்தன. தோட்டத்தின் வாசல், சபைக்கட்டடம், மற்ற எல்லாக் கல்லறைகளும் பார்க்கும் திசை, அத்தனையும் அவர் தலைக்குப் பின்னால் இருந்தன. கையெட்டும் தூரத்தில் நேசையன் கிடந்தார். பதினாலு வருஷமாக இவர் இதைத்தான் பார்த்துக்கொண்டு கிடக்கிறார் என்று எண்ணியபோது, அடக்கத்தன்று வந்த அழுகை விட்ட இடத்திலிருந்து வந்தது. அதைத் துடைக்கவும் அவர் கையை எடுக்கவில்லை.

தலைக்குப் பின்னால் வாசல்கதவு கிறீச்சிட்டது. சரளைக்கல்லில் காலடிச் சத்தம் நிதானமாகக் கிட்டே வந்தது. போதகர்தான் என்று தெரிந்திருந்தும் மேஸ்திரி கண்ணை இறுக மூடிக்கொண்டார். எழுந்து உட்காரலாம். அளவு பார்த்தேன் என்று சொல்லிச் சிரிக்கலாம். காலடி தலைமாட்டில் வந்து நின்றது.

"என்ன டீக்கன் இது? தலை மாறியில்ல படுத்திருக்கீரு?" என்று சத்தியதாஸ் போதகரின் குரல் கேட்டது.

"மாறித்தான் கெடக்கு, ஐயா" என்றார் மேஸ்திரி. "எனக்கில்ல. அண்ணனுக்கு. நான்தான் மாத்தி வச்சேன்."

பிறகு காலடி மறுபடியும் நகர்ந்தது. வாசல் பக்கம் போகவில்லை. புல்லை மிதித்துக்கொண்டு அவரைச் சுற்றி வந்து, அவர் முகத்துக்கு நேரே கால்மாட்டில் நின்றது. மேஸ்திரி கண்ணைத் திறந்து பார்த்தார். போதகர் குடையை மடக்கிக் கையில் பிடித்தபடி குனிந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் பின்னாலிருந்து அடித்ததால் அவர் முகம் தெரியவில்லை.