மீன் தொட்டிக்கு ஒரு மூடி

ஆறு மணிக்கு எழுந்தான். பல் தேய்த்தான். தேநீர் போட்டு நின்றபடியே குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். மீன்களுக்கு ஒரு சிட்டிகை தீனி போட்டான். பிறகு, முந்தாநாள் ஒட்டிக் காயவைத்த மூடியை மடியில் போட்டு, தீனி போடும் சின்னக் கதவுக்காக ஒரு சதுரம் அறுக்க உட்கார்ந்தான். ஈரத்தில் ஊறாத பிவிசி பலகை. அறுத்தால் தூள்தான் பறந்தது.

தொட்டி அவன் மனைவியுடையது. அவள் போய் நான்கு மாதம். பழைய விளக்கு எரிந்துபோனதில் அவள் நட்ட செடிகள் மஞ்சளாகி அழுகிக்கொண்டிருந்தன. அதைப் பார்த்த அவளுடைய அண்ணன் போன வாரமே தீர்ப்பு சொல்லிவிட்டார்: ஞாயிற்றுக்கிழமைக்குள் வெளிச்சம் வராவிட்டால் தொட்டி தன் வீட்டுக்கு. தங்கை கடைசியாகத் தன்னிடம்தான் மீன்களை ஒப்படைத்தாளாம். துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் இதைச் சொல்லி, சொல்லும்போதெல்லாம் ஒரு வரி கூட்டிக்கொண்டார்.

அன்றுதான் ஞாயிறு. பத்து மணிக்கு மச்சான் வந்தார். ஒரு கையில் வாளியும் ரப்பர் குழாயும், மறு கையில் பசைக் குப்பி. குளியலறைச் சாமான் கடை வைத்திருப்பவர். மனிதனுக்கு வரும் எந்தக் கோளாறுக்கும் அவர் கடையில் மருந்து உண்டு.

"என்ன மாப்ள, இன்னும் அறுத்துக்கிட்டே இருக்கீங்க? காலேஜ்ல இதெல்லாம் சொல்லித் தரலயா?"

"தரல மச்சான்."

"இங்க குடுங்க, ஓரத்துக்கெல்லாம் இன்னொரு கோடு இழுக்கிறேன். நம்ம கடைச் சரக்கு. பத்து வருஷம் பூஞ்சை அண்டாது."

குப்பியை வாங்கிப் படித்தான். பூஞ்சைக்கொல்லி கலந்தது. மூடியில் கோக்கும் ஈரம் இதன்மேல் பட்டுச் சொட்டினால் ஒரே வாரத்தில் எல்லா மீனும் மல்லாந்துவிடும். மீன்களின் காப்பாளர் கையோடு கொண்டுவந்த சீதனம்.

"இது மீனுக்கு விஷம்."

"குப்பில எழுதினதயெல்லாம் படிச்சா யாவாரம் பண்ண முடியுமா மாப்ள?"

அவன் குப்பியை எட்டாத இடத்தில் வைத்தான். சதுரத்தை அறுத்து முடித்து, மூடியின் உட்புறம் புது விளக்குப் பட்டைகள் நான்கைத் திருகி, மூடியைத் தொட்டிமேல் பொருத்தி, சுவிட்சைப் போட்டான். அடிமணல்வரை தெரிந்தது. மூலையில் ஒண்டிக் கிடந்த மீன்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன.

மச்சான் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கண் முன்பே காய்ந்துதான் இருந்தது.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா எங்க ஹால்ல இன்னும் எடுப்பா இருக்கும். பாவம், கையப் பிடிச்சுக்கிட்டு சொன்னாளே, அண்ணா, என் மீனுங்கள இருட்டுல விட்டுடாதன்னு."

'இருட்டு' என்ற வரி இன்றைக்குப் புதிதாகச் சேர்ந்தது. சொல்லிக்கொண்டே, தண்ணீரை வாளிக்கு இறக்க, குழாயின் ஒரு முனையைத் தொட்டிக்குள் விடப் போனார். அவன் அதை வாங்கி வாளிக்குள் சுருட்டிப் போட்டு, வாளியைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டு வந்தான்.

"அவ கடைசியா பேசினப்ப நீங்க கீழ ஆஸ்பத்திரி கேன்டீன்ல இருந்தீங்க மச்சான். பக்கத்துல நான்தான் இருந்தேன்."

"அப்படின்னா... என்னதான் சொன்னா?"

இதை இதுவரை யாரும் அவனைக் கேட்டதில்லை. அவரவருக்கு வேண்டியதை அவரவரே அவள் வாயில் வைத்துக்கொண்டார்கள்.

"'அந்த லைட்டக் கொஞ்சம் அணைங்க. கண்ணு கூசுது.'"