கிடங்கில் தங்கிய ஜார்

"ஏனுங்க தாமரை, உங்க மலை மேல இன்னும் நேத்து முடியலீங்களா?" என்று போனில் சிரித்தான் தஹ்ஸீன். "திருத்திட்டேன்னு சொன்னீங்க. இங்க பழைய அளவுதான் காட்டுது."

தாமரைச்செல்விக்குச் சிரிப்பு வரவில்லை. மலைமேல் குண்டூர் நாட்டில் தன் வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து அவள் எழுதும் மென்பொருள், சமவெளியில் ஒரு குழந்தைகள் மருத்துவமனையில் ஓடுகிறது. குழந்தையின் எடையைக் கொடுத்தால் எத்தனை மில்லி மருந்து என்று சொல்லும். எடை மிகக் குறைந்த குழந்தைகளுக்கும் முழு அளவையே சொல்கிறது என்று தெரிந்ததிலிருந்து, நர்சுகள் கையால் கணக்குப் போட்டு வந்தார்கள். நேற்று மாலை அவள் அதைத் திருத்தி அனுப்பி, இனித் திரையை நம்பலாம் என்று செய்தியும் போட்டிருந்தாள். சோதித்துப் பார்க்க வேண்டிய தஹ்ஸீன் நேற்று லீவு. அவள் காத்திருக்கவில்லை.

"நீங்க பழைய பதிப்பைத் திறந்திருப்பீங்க."

"கண்ணாடி போட்டுத்தான் பார்த்தேனுங்க. முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணுங்க."

"கொஞ்சம் இருங்க. தப்பு எங்கன்னு பாத்துட்டுச் சொல்றேன்."

தவறு தன்னுடையதாக இருந்துவிடக் கூடாதே என்ற பயம்தான் அப்படிச் சொல்ல வைத்தது. நிரலைத் திறந்தாள். அளவைப் பாதியாக்கும் வரி, எழுதியபடியே இருந்தது. மறுபடி படித்தாள். வரி சரி, விடை தப்பு. விளக்கு எரிவதைப் பார்த்துக்கொண்டே இருட்டில் தடவுவது போலிருந்தது.

ஜாவா மொழியில் எழுதிய அந்த மென்பொருள் மாட்யூல் எனும் பல பகுதிகளாகப் பிரிந்தது. மருந்துக் கணக்கு ஒரு மாட்யூல், திரை இன்னொன்று. ஒவ்வொன்றையும் கட்டினால், அதாவது ஓடும் வடிவுக்கு மாற்றினால், ஒரு ஜார் கோப்பாகிக் கணினியின் கிடங்கில் போய் உட்காரும். திரையை மட்டும் கட்டினால், கணக்குக்கான ஜாரை அங்கிருந்து அப்படியே எடுத்துக்கொள்ளும். நேற்று அவள் திரையை மட்டும்தான் கட்டினாள்.

எல்லாவற்றையும் துடைத்துவிட்டுக் கட்ட அவளுக்குப் பயம். போன மழைக்காலத்தில் ஒருமுறை கிடங்கையே அழித்துவிட்டு, பனிமூட்டத்தில் சிக்னல் சொட்டுச் சொட்டாக வர, இணையத்திலிருந்து எல்லாம் திரும்ப இறங்கும்வரை தவித்துப்போனாள். 'க்ளீன்' என்ற கட்டளை மாட்யூல்களில் கட்டியதை மட்டுமே துடைக்கும், கிடங்கைத் தொடாது. அது அவளுக்குத் தெரியும். விரல்களுக்குத்தான் தெரியவில்லை.

கிடங்கில் கணக்கின் ஜாரைப் பார்த்தாள். போன மாதத்துத் தேதி.

"தஹ்ஸீன், கணக்கை நான் கட்டவே இல்லீங்க. பழைய ஜாரையே உள்ள வெச்சு அனுப்பிட்டேன்."

இப்போது அவனும் சிரிக்கவில்லை. "போனை வைங்க. அங்க கூப்பிடுங்க."

வார்டு நர்ஸ் நாகலட்சுமியின் எண் ஒலித்துப் பாதியில் அறுந்தது. ஜன்னலுக்கு வெளியே பலாமரம் பனியில் மறைந்திருந்தது. முற்றத்துக்கு ஓடி, போனை உயர்த்திப் பிடித்து மறுபடி அழைத்தாள்.

"அக்கா, தாமரைச்செல்வி பேசறேனுங்க. திரையைப் பாத்து மருந்து கொடுக்காதீங்க!"

"நீதான கண்ணு நம்பலாம்னு செய்தி போட்ட?"

"தப்புங்க. இன்னும் பழைய கணக்குதான். எடை குறைஞ்ச குழந்தை யாருக்காச்சும் கொடுத்தீங்களா?"

மறுமுனையில் ஒரு குழந்தை மெலிதாக அழுதது.

"இதுவரைக்கும் அப்படி யாரும் வரல. இப்பத்தான் ஒண்ணு வந்துச்சு. சிரிஞ்சுல ஏத்திக் கையில வெச்சிருக்கேன்."

"எவ்வளவுங்க?"

"ரெண்டரை."

"கொடுக்காதீங்கக்கா. கையால போட்டுப் பாருங்க."

நாகலட்சுமி எண்களை முணுமுணுப்பது கேட்டது. பின் நீண்ட மூச்சு. "ஒண்ணேகால்தான் வருது. அட சாமி!" சற்றுக் கழித்து, "இனி நீ சொன்னாலும் நான் கையாலதான் போடுவேன், பாத்துக்க."

"போடுங்கக்கா."

உள்ளே வந்து எல்லா மாட்யூல்களுக்கும் 'க்ளீன்' தட்டி, கணக்கையும் சேர்த்து மறுபடி கட்டினாள். பழையவை அழிந்தன, ஒவ்வொரு மாட்யூலாகப் புதிதாக எழுந்தது. மருத்துவமனைக்கு அனுப்பவில்லை. தஹ்ஸீனுக்கு அனுப்பி, கீழே எழுதினாள்: "நீங்கள் சோதிக்காமல் இது எங்கும் போகக் கூடாது. நானே கெஞ்சினாலும்."