ஒட்டுக்குக் கீழே முளைத்தது

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து வந்தது. சொன்னவள் நான். முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டால் பிறகு அழகாக மறைக்க மனம் வராது என்று நினைக்கிறேன்.

முதல் தொடக்கம்: நோர்பரியில் ஒரே வேலியின் இரண்டு பக்கமும் இரண்டு கிராப் அப்பிள் மரங்கள்... (விட்டுவிட்டேன். எனக்குக் கதைகள் பேச்சாகத்தான் கேட்கும்.)

இரண்டாவது:

"இஞ்சாரும், வந்து பாரும். அவளின்ர மரம் கொட்டிப் பூத்திருக்கு."

"எங்கடையும் பூத்திருக்குத்தானே."

"ஓம். எண்ணலாம்."

2

எண்ணலாம் என்றவர் என் கணவர் அருட்பிரகாசம். மேல்மாடி யன்னலில் தேத்தண்ணியோடு நின்று அவர் பார்ப்பது அடுத்த வீட்டு இம்மாகுலேற்றின் மரத்தை. ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய கன்றுகள். பழத்துக்கல்ல, பூவுக்காக வளர்ப்பவை. அவளுடையது வெயிலில் நிற்கிறது, என்னுடையது கராஜின் நிழலில். மே மாதம் கோயிலில் மாதா சுரூபத்தடியில் வைப்பது அவள் வீட்டுக் கொப்பு. என்னிடம் ஒருவரும் கேட்டதில்லை.

3

2005இல், வேலிக்கு மேலால்:

"அக்கா, அடியில புதுசா ஒரு கொப்பு வெடிச்சிருக்கு. வெட்டவோ?"

"ஏன் வெட்டுறாய்? நல்ல வாளிப்பா வருகுது. கிடக்கட்டும்."

"உங்கட மரத்தில வரேல்லையோ?"

"இல்லை."

வந்தது. அதற்கு முந்தின நாள்தான் பிடுங்கி எறிந்திருந்தேன். ஒட்டுக் கட்டிய இடத்துக்குக் கீழே முளைப்பது, வேருக்காக வைத்த முரட்டு மரம். விட்டால் மேலே நிற்கிற நல்ல மரத்தை அமத்திவிடும். ஒட்டுமாங்கன்று வைத்த எவருக்கும் இது தெரியும். அவள் கொழும்பில் மாடிவீட்டில் வளர்ந்தவள். என்னைத்தான் நம்பினாள்.

4

(பொய் சொன்னவளுக்கு முதல் பிரதியில் ராஜி என்று பெயர் வைத்தேன். ராஜி வாயைத் திறந்தால் என் குரல் வந்தது. எடுத்துவிட்டேன். சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்திலும் "பொறாமை, சுவாமி" என்று மட்டுந்தான் சொன்னேன். மரத்தைச் சொல்லவில்லை.)

5

இப்போது 2009, பெப்ரவரி. அந்தக் கொப்பு என் மணிக்கட்டைவிடத் தடிப்பு. போன மே மாதம் அவள் மரத்தில் ஒரு பக்கந்தான் பூத்தது. நேற்று:

"மரம் சாகப்போகுது போல கிடக்கு, அக்கா. சனிக்கிழமை தறிக்கிற ஆள் வாறான். வேண்டாமெண்டு நீங்கள் சொன்னா விடுறன்."

"யோசிச்சுச் சொல்லுறன்."

முடிவு ஒன்று: சொல்லிவிடுகிறேன். "உங்களுக்கு எப்பவிருந்து தெரியும்?" என்று கேட்கிறாள். நான்

முடிவு இரண்டு: சொல்லாமல் இருக்கிறேன். மே மாதம் மாதாவுக்கு என் மரத்துக் கொப்பு. (இந்த வரியை எழுதும்போது சந்தோசமாக இருந்தது. அதனால்தான் அடிக்காமல் விட்டிருக்கிறேன்.)

6

இந்தத் தாள்களை வெள்ளிக்கிழமை உன் கதவுக்குள்ளால் போடுவேன், இம்மாகுலேற். அவள், அவள் என்று எழுதினால்தான் என்னால் எழுத முடிந்தது.

மரத்தைத் தறிக்க விடாதே. ஒட்டுக்குக் கீழே இருக்கிற அந்த ஒன்றை மட்டும், அடியோடு ஒட்ட அறுக்கச் சொல். இரண்டு மூன்று வருடத்தில் மரம் பழையபடி பூக்கும்.

வாசித்து முடித்ததும் நீ என்ன சொல்லுவாய் என்று நான்கு விதமாக எழுதிப் பார்த்தேன். நான்கிலும் நீ என்னை மன்னித்தாய். நான்கையும் கிழித்துவிட்டேன்.