உடோன் கடையில் ஒரு விசாரிப்பு

யோகலிங்கம் விசாரிப்பதற்காக அந்தக் கடைக்குப் போகவில்லை. சாப்பிடத்தான் போனார். லண்டன் ஹரோவில் மெற்றோபொலிற்றன் ரயில் ஏறும்போது ஒருமுறையும், ஃபாரிங்டனில் இறங்கும்போது இன்னொருமுறையும் இதைத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சாப்பிடப் போகிற மனிதன் அதை ஏன் இத்தனை தரம் ஞாபகப்படுத்திக்கொள்ள வேண்டும் என்று கேட்க அந்தப் பெட்டியில் ஆளில்லை.

மகள் றூபினிக்கு முப்பத்தொரு வயது. கிங்ஸ் குறொஸ்ஸில் ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறாள். வேலைக்குக் கிட்டவே தனியாக அறை எடுத்து இருந்துகொண்டு சனி ஞாயிறுகளில் மட்டும் வீட்டுக்கு வருவாள். மூன்று கிழமைக்கு முன்னால் அப்படி வந்தவள், தாய் கமலேஸ்வரியையும் தகப்பனையும் இருத்திவைத்து, தனக்கு ஒருவரைப் பிடித்திருக்கிறது என்றாள். பெயர் கிருஷாந். ஃபாரிங்டன் ஸ்டேஷனுக்குப் பின்னால், உடோன் என்கிற ஜப்பான் நூடில்ஸ் விற்கிற கடையில் வேலை. அடுத்த மாதம் தானே வீட்டுக்குக் கூட்டிவருவதாகவும் சொன்னாள். அதோடு நிற்கவில்லை.

"அதுக்கிடையிலை நீங்கள் ஒருத்தரிட்டையும் விசாரிக்கக் கூடாது, அப்பா. விசாரிச்சியள் எண்டால் நான் பிறகு இந்த வீட்டுக்கு வரமாட்டன்."

சும்மா வெருட்டுகிறாள் என்று தள்ளிவிட முடியாது. நாலு வருடத்துக்கு முன் ரொறன்ரோவில் இருந்து ஒரு சம்பந்தம் வந்தது. றூபினிக்கும் அந்தப் பெடியனைப் பிடித்துத்தான் இருந்தது. யோகலிங்கம் ரொறன்ரோ, பாரிஸ், யாழ்ப்பாணம் என்று ஏழு பேருக்கு ஃபோன் எடுத்து விசாரித்தார். எட்டாவதாக எடுத்தது, ஆள் தெரியாமல், பெடியனின் சொந்தப் பெரியப்பாவுக்கே. பேச்சு அன்றோடு முறிந்தது. றூபினி ஆறு மாதம் அவரோடு கதைக்கவில்லை. ஒரே மேசையில் இருந்து சாப்பிட்டுவிட்டு, கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு எழும்பிப் போவாள். ஆகவே இந்த முறை ஓம் என்று வாக்குக் கொடுத்தார்.

கொடுத்தவருக்கு அதன் பிறகு நித்திரை இல்லை. கவுன்சிலில் பார்க்கிங் பிரிவில் இருபத்தாறு வருடம் வேலை செய்த மனிதர். யாருடைய கார் ஏன் அங்கே நிற்கிறது என்று பார்க்காமல் ஒரு தெருவைக் கடக்க அவரால் ஏலாது. கமலேஸ்வரியோ வாக்கை வாக்காக வைத்திருந்து, நன்றாகக் குறட்டையும் விட்டாள். மூன்றாவது கிழமை, அந்த வியாழக்கிழமை, அவர் ஒரு முடிவுக்கு வந்தார். ஒரு கடையில் போய்ச் சாப்பிடுவது விசாரிப்பு ஆகாது.

கடையில் தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. சுவரில் இருந்த படங்களில், இனிப்பாக வேகவைத்த சோயா டோபுத் துண்டு மேலே மிதந்த ஒன்றைக் காட்டினார். ஒரு பெண் கொதிதண்ணீரில் இருந்து வெள்ளை வெளேரென்று நூடில்ஸை அள்ளிக் கோப்பையில் போட்டு, தேயிலைச் சாயம் போன்ற ரசத்தை ஊற்றி, கண் மூடித் திறக்குமுன் தந்துவிட்டாள். ஒவ்வொரு இழையும் அவருடைய சின்ன விரல் தடிப்பில் இருந்தது. இதை நூடில்ஸ் என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

இருந்த இடத்தில்தான் முதல் அதிசயம். கடை முழுக்க ஒரே உறிஞ்சல் சத்தம். சூட் போட்ட வெள்ளைக்காரர், படிக்கிற பிள்ளைகள், கைக்குழந்தையோடு வந்த ஒரு தாய் எல்லாரும் ஸ்ஸ்ர்ர் என்று இழுத்துக்கொண்டிருந்தார்கள். சின்ன வயதில் சத்தம் போட்டுச் சாப்பிட்டதற்காக யோகலிங்கம் வாங்கிய குட்டுகளுக்குக் கணக்கில்லை. அவர் குச்சிகளைப் பிடித்துப் பார்த்தார். இரண்டு தரம் இழை வழுக்கி விழுந்தது. மூன்றாம் தரம் ஒரு இழையின் நுனியைக் கவ்வி, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, மெல்ல உறிஞ்சினார். அது சுழன்று வந்து மூக்கில் ரசத்தைத் தெறிக்கவிட்டு வாய்க்குள் போனது.

நல்ல சாமான். பல்லுக்குக் கொஞ்சம் எதிர்த்து நின்று, பிறகு சட்டென்று விட்டுக்கொடுத்தது. இடியப்பம் இப்படி நிற்காது. நன்றாகப் பிசைந்த கொழுக்கட்டையின் தோலில் சிலவேளை இந்தக் குணம் வரும். மாவும் உப்பும் தண்ணீரும்தான் என்று சுவரில் எழுதியிருந்தது. அது மட்டும் போட்டு இப்படி வருமா? வந்த காரியத்தை ஐந்து நிமிடம் உண்மையாகவே மறந்துபோய், இழையைக் கடித்த இடத்தில் பார்ப்பதும், ரசத்தைக் குடிப்பதும், கூச்சம் விட்டு உறிஞ்சுவதுமாக இருந்தார். பாதிக் கோப்பை முடிந்தபோதுதான் தலையை நிமிர்த்தினார்.

எதிரே கண்ணாடிக்குப் பின்னால் மாவு வேலை நடந்தது. கறுத்த, ஒல்லியான ஒரு பெடியன், முப்பத்திமூன்று முப்பத்திநாலு இருக்கும், ஒரு பெரிய மாக்கட்டியைத் தடித்த பொலித்தீனில் சுற்றித் தரையில் விரித்த பாயில் வைத்தான். செருப்பைக் கழற்றினான். சுத்தமான வெள்ளைக் காலுறை போட்டிருந்தான். யோகலிங்கத்துக்கு அடுத்தது என்னவென்று விளங்கிவிட்டது. சாப்பாட்டில் கால் வைக்கிறதா? தெரியாமல் புத்தகத்தில் கால் பட்டாலே தொட்டுக் கும்பிடுகிற ஆட்கள் நாங்கள்.

பெடியன் காலை உடனே வைக்கவில்லை. குனிந்து, வலது கையால் அந்தப் பொதியைத் தொட்டு, விரல்களை இரண்டு கண்களிலும் ஒற்றினான். பிறகுதான் ஏறி, குதிக்காலால் நடுவில் இருந்து ஓரத்துக்குச் சின்னச் சின்ன அடியாக மிதிக்கத் தொடங்கினான். இதைவிட வேறு அடையாளம் வேண்டியதில்லை. இவன்தான் கிருஷாந். யோகலிங்கத்துக்கு அவனைப் பிடித்துப்போனது. அந்த இடத்திலேயே கோப்பையை முடித்துக்கொண்டு எழும்பியிருந்தால் மனிதர் தப்பியிருப்பார்.

அவர் எழும்பவில்லை. பெடியன் மாவை ஆறவிட்டு, வெற்றுத் தட்டுகளை எடுக்க வெளியே வந்தபோது, இவர் தமிழிலேயே கூப்பிட்டு, மாவை ஏன் காலால் மிதிக்க வேண்டும் என்று கேட்டார். அவன் நின்று சொன்னான். இந்த மா அவ்வளவு இறுக்கம், கைப்பலம் போதாது, ஆளின் முழுப் பாரமும் வேண்டும். மிதித்துவிட்டு ஆறவிட வேண்டும், திரும்பவும் மிதிக்க வேண்டும். கோடையில் உப்புக் கூட, குளிருக்குக் குறைய, இல்லாவிட்டால் மா சொல்வழி கேளாது. கண்ணில் ஒற்றியதைப் பற்றிக் கேட்டதற்குக் கொஞ்சம் வெட்கப்பட்டான். முதல் நாள் தன்னை அறியாமல் செய்துவிட்டானாம். ஜப்பான்கார முதலாளி என்னவென்று கேட்க, சொல்லியிருக்கிறான். இப்போது முதலாளியும் தொட்டுக் கண்ணில் ஒற்றிவிட்டுத்தான் ஏறுகிறாராம்.

யோகலிங்கம் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் நாக்கு பழைய தடத்தில் இறங்கிவிட்டது.

"தம்பி ஊரிலை எவடம்?"

சாவகச்சேரிக்குக் கிட்ட ஒரு ஊரின் பெயரைச் சொன்னான். யோகலிங்கத்தின் மாமி முறையான ஒருத்தி வாழ்ந்த ஊர்.

"அதிலை தண்டவாளத்துக்கு இஞ்சாலையோ, அங்காலையோ?"

சாதி என்ற சொல்லை வாயில் எடுக்காமல் சாதியைக் கேட்டு அறிகிற வித்தை எங்கள் ஆட்களுக்குக் கைவந்தது. முதலாவது ஊர். இரண்டாவது, ஊரில் எந்தப் பக்கம். மூன்றாவது, எந்தக் கோயிலடி. நாலாவது கேள்விக்குத் தேவை வந்ததை யோகலிங்கம் தன் வாழ்நாளில் கண்டதில்லை. கேட்கப்படுகிறவனுக்கும் தெரியும், கேட்கிறவனுக்கும் தெரியும், இரண்டு பேரும் ஊர்ப் புதினம் கதைப்பதுபோல முகத்தை வைத்திருப்பார்கள்.

கிருஷாந் முகத்தை அப்படி வைத்திருக்கவில்லை. கையில் இருந்த தட்டுகளை மேசையில் வைத்தான்.

"அங்காலை, அங்கிள். கள்ளுத் தவறணைக்குப் பின்பக்கம். அப்பப்பா பனை ஏறினவர். அப்பாவும் இயக்கப் பிரச்சினையிலை ஊரைவிட்டு வெளிக்கிடும் மட்டும் ஏறினவர். நீங்கள் கோயிலைக் கேக்கத் தேவையில்லை."

யோகலிங்கம் ரசத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவன் குரலை உயர்த்தவில்லை. இதெல்லாம் றூபினிக்கு முதலே தெரியும் என்றான். அவர் வரிசையில் நிற்கும்போதே அடையாளம் கண்டுவிட்டானாம், அவள் படம் காட்டியிருக்கிறாள்.

"நீங்கள் வந்ததை நான் அவவுக்குச் சொல்லமாட்டன். சாப்பிட வந்தனீங்கள், சாப்பிட்டனீங்கள். அவ்வளவுதான்."

தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான். கண்ணாடிக்குப் பின்னால், ஆறின மாவைத் தூக்கிப் பாயில் வைத்தான்.

அவன் காட்டிவிட்டுப் போனது நல்ல அகலமான வழி. இப்போதே எழும்பி ரயில் ஏறலாம். கமலேஸ்வரியிடம்கூடச் சொல்லத் தேவையில்லை. அடுத்த மாதம் அவன் வீட்டுக்கு வரும்போது புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்து, புதிதாகக் கேட்பதுபோல ஊரைக் கேட்டு, பிறகு ஆறுதலாக, சாதகம் பொருந்தவில்லை, வேலை போதாது என்று ஏதாவது தொடங்கலாம். றூபினிக்கு ஒருநாளும் தெரியவராது. அவன் சொல்லவே மாட்டான் என்பதில் அவருக்குத் துளி சந்தேகமும் இல்லை. அந்த நம்பிக்கைதான் அவரைப் போட்டு வாட்டியது. யாரை நம்பக்கூடாது என்று நிறுவ இத்தனை பாடுபட்டு வந்தாரோ, அவனை நம்பித்தான் இப்போது தப்ப வேண்டும்.

ஒரு கோப்பை உடோனோடு சாதி அவர் மனத்தில் இருந்து கழன்று விழுந்துவிட்டது என்று சொன்னால் அது பொய். பனை ஏறினவர் என்ற சொல் இன்னும் உள்ளே நின்று குத்தியது. தமையன் என்ன சொல்வான், ஹரோ கோயிலில் ஆட்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்றெல்லாம் மனம் ஒருபக்கம் ஓடியது. ஆனால் அவருக்கு வெட்கமாக இருந்தது. அறுபத்திமூன்று வயதில், மூக்கில் ரசம் காய்ந்திருக்க, ஒரு பெடியன் போட்ட பிச்சையோடு வீட்டுக்குப் போவதற்கு வெட்கமாக இருந்தது. அவர் ஃபோனை எடுத்தார்.

மகளுக்கு அது மதிய இடைவேளை. இரண்டாவது மணியில் எடுத்தாள்.

"பிள்ளை, நான் ஃபாரிங்டனிலை நிக்கிறன். அந்த உடோன் கடையிலை."

பஸ் ஒன்று போகிற சத்தத்துக்கு மேலாக மகள் குரலை உயர்த்தினாள்.

"அவனிட்டைக் கேட்டியளோ?" என்றாள்.

"கேட்டன்."

"எந்தப் பக்கம் எண்டுமோ?"

"ஓம். அவன் ஒண்டும் ஒளிக்காமல் சொன்னவன். நான் வந்ததை உனக்குச் சொல்லமாட்டன் எண்டும் சொன்னவன். நான்தான் சொல்லுறன்."

அழுகிறாளோ என்று ஃபோனைக் காதோடு அழுத்திப் பார்த்தார். அழவில்லை. ஆறு மாதம் போதாது, இந்த முறை ஆறு வருடமாகவும் இருக்கலாம் என்று யோகலிங்கம் நினைத்தார்.

"அப்பா, விசாரிச்சால் வீட்டுக்கு வரமாட்டன் எண்டு சொன்னனான்."

"ஞாபகம் இருக்கு, பிள்ளை."

"நான் வரமாட்டன். அதிலை மாற்றமில்லை."

"ஓம்."

"நீங்கள் அங்கையே இருங்கோ. நான் கடைக்கு வாறன். இனி என்ன கேக்கிறதெண்டாலும் ரெண்டு பேரையும் முன்னுக்கு வைச்சுக் கேளுங்கோ."

யோகலிங்கம் சரி என்று சொல்லுமுன் அவள் ஃபோனை வைத்துவிட்டாள். வரிசை இப்போது வாசல் வரைக்கும் நீண்டிருந்தது. தட்டோடு நின்ற ஒரு பெண், பக்கத்துக் கதிரைகளில் ஆள் இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது, இரண்டு பேர் வருகிறார்கள் என்று சொல்லி, அவர் தன் கோட்டைக் கழற்றி அந்த இரண்டு கதிரைகளுக்கும் குறுக்கே போட்டார்.