முன்கடன் தேவையில்லை

1
ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை என் சொந்தச் சரக்கல்ல. உதவித்தொகை அலுவலகத்தில் காதில் விழுந்த ஒரே ஒரு பதில். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

2
மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில் அவள்...

(மழையாவது மண்ணாவது! அன்று நல்ல வெயில்.)

தையற்கூடத்தில் காஜா எடுப்பவள் அவள். வலது மணிக்கட்டு முறிந்து, சம்பளம் நின்று பத்து நாளாகிறது. மகளுக்கு மூச்சிரைப்பு, இன்ஹேலர் மருந்து இன்னும் மூன்று நாளைக்குத்தான் வரும். உதவித்தொகைக்கு எழுதிப் போட்டாயிற்று. அது கைக்கு வரும்வரை, கேட்டால் முன்கடன் தருவார்கள். பிறகு மாதாமாதம் பிடித்துக்கொள்வார்கள். அதைக் கேட்கத்தான் வந்திருக்கிறாள். வழியெல்லாம் முணுமுணுத்து ஒத்திகை வேறு பார்த்தாள்.

3
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அலுவலரை முதலில் சிடுமூஞ்சியாக எழுதினேன். அடித்துவிட்டேன். பாவம், அவர் அப்படியில்லை. கட்டுப் போட்ட கையைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார்.

"பணம் வர ஆறு வாரம் ஆகும்மா. அதுவரைக்கும் சமாளிச்சுக்குவீங்களா?"

"அதெல்லாம் சமாளிச்சுக்கலாம் மேடம்."

அடக் கடவுளே! கேட்கத்தானே வந்தாய்?

(குறிப்பு: அவளைத் திட்டாதீர்கள். அக்கம்பக்கத்தில், மாமியாரிடம், போனில் தம்பியிடம் இதையே சொல்லிச் சொல்லி நாக்கு பழகிவிட்டது. யாராவது அன்பாகக் கேட்டுவிட்டால் இன்னும் வேகமாக வந்துவிடுகிறது.)

அலுவலர் 'முன்கடன் தேவையில்லை' என்று எழுதினார்.

"நல்லதும்மா. அடுத்தவங்க வாங்க."

4
முடிவுக்கு வருவோம்.

அலுவலரே புரிந்துகொண்டு அவளைத் திரும்பக் கூப்பிடுகிறார்... (ஆசைதான். அவருக்கு எப்படித் தெரியும்?)

சரி, இப்படி: அவள் வீட்டுக்குப் போய் மகளிடம், "கெடச்சிடும் கண்ணு, நீ..."

இல்லை. இதை எழுத என்னால் ஆகாது.

ஆகவே வாசல்வரை போனவளைத் திருப்பிக் கூட்டிவந்துவிட்டேன். என் கையாலானது அவ்வளவுதான். கவுன்டர் மூட இன்னும் நாலு நிமிடம். அலுவலர் கூப்பிட்ட அந்த அடுத்த ஆள் நீங்கள். உங்கள் படிவமும் அவசரம்தான், தெரியும். அவள் உங்கள் பக்கத்தில் வந்து நிற்கிறாள்.

"கொஞ்சம் வழி விடுறீங்களா? மேடம்கிட்ட தப்பாச் சொல்லிட்டேன். என்னால சமாளிக்க முடியாதுங்க."

இதை அவள் வாய்விட்டுச் சொன்ன முதல் ஆள் நீங்கள்.