அக்கா விழுங்கியது

சாக்கடை பம்ப் பழுதுபார்ப்பவன் நான். அடுக்குமாடிக் கட்டடங்களில் கழிவுத்தொட்டி பொங்கி வழியும்போது மட்டும் என் ஞாபகம் எல்லோருக்கும் வரும். மற்ற நாட்களில் என்னோடு லிஃப்டில் ஏறவே யோசிப்பார்கள். முழங்கை வரை கையை விட்டு அடைப்பை எடுத்துவிட்டு, கை கழுவியதும் வயிறாரச் சாப்பிடுகிற வீரன். ஆனால் வாந்தி மட்டும் ஆகாது. பக்கத்தில் யாராவது ஓங்கரித்தால் அவர்களை நான் முந்திக்கொள்வேன்.

அதனால்தான் கீமோ ஏற்றிய வாரங்களில் அக்கா என்னை வரவிட்டதில்லை. "ஒரு வீட்டுக்கு ஒருத்தி வாந்தி எடுத்தாப் போதும்டா" என்பாள்.

இந்த முறை போயே ஆகவேண்டியிருந்தது. மாதக்கணக்கில் மருந்து ஏற்றியும் மார்புக் கட்டி சுருங்கவில்லை, பெருத்திருந்தது. டாக்டரம்மா கட்டியிலிருந்து மறுபடி சதை எடுத்து ஜீன் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வருவதற்குள் பழைய மருந்தே இன்னொரு தடவை ஏறியிருந்தது. இப்போது வேறு மருந்து தரலாம் என்கிறார். அக்காதான் மாட்டேன் என்கிறாள்.

கதவைத் திறந்தவர் அத்தான். குளியலறை ஓடு விற்பவர். வீடே அவர் கடை மாதிரி பளபளக்கும்.

"வேலையிலேருந்து நேரா வரியா மாப்ள?"

"குளிச்சிட்டுதான் வரேன் அத்தான்."

"சோப்பு போட்டா?"

அக்கா கட்டிலில் சாய்ந்திருந்தாள். முடி போன தலையில் ஒரு துண்டு. "ஏன்டா வந்த, நீ பயந்தாங்கொள்ளியாச்சே" என்று சிரிக்கத் தொடங்கியவளின் கன்னம் சட்டென்று உப்பியது. வாயை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டாள். கண்ணில் நீர் முட்டியது. தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. புளித்த வாடை என் மூக்கில் வந்து மோதியது.

"அக்கா, இப்ப என்ன பண்ணின?"

"ஒண்ணுமில்லடா."

"முழுங்கினியா?"

அவள் சுவரைப் பார்த்தாள். "அவர்தான் சொன்னாரு. ஏத்துன மருந்தையெல்லாம் வெளிய கொட்டிட்டா கட்டி எப்படிக் கரையும்னு. ஆரம்பத்துல அடக்கத் தெரியாம எடுத்துட்டேன். அதான் மருந்து கேக்கல. புது மருந்தையும் பாழாக்கணுமா?"

எத்தனையோ தொட்டிக்குள் தலையை விட்டிருக்கிறேன். எதுவும் இப்படிக் குமட்டியதில்லை.

வாசற்படியில் நின்றிருந்த அத்தான் தொண்டையைக் கனைத்தார். "நல்லதுக்குதான் சொன்னேன். அதோட, ஓடு இடுக்குல எறங்கிட்டா வாடை லேசுல போகாது மாப்ள. உங்க குடும்ப ரத்தமே அப்படி, எந்த மருந்தும் ஒட்டாது."

அவரைப் பார்க்காமல் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தேன்.

"டாக்டர், வாந்தி எடுத்தா மருந்து வெளிய போயிடுமா?"

"ஊசியில ரத்தத்துல ஏறுற மருந்துங்க. வாந்தியில எப்படிப் போகும்? யார் சொன்னது?"

"ஒரு ஓடு விக்கிறவர். அப்ப மருந்து ஏன் கேக்கல டாக்டர்?"

"கட்டியில இருக்கிற ஒரு ஜீன் அளவுக்கு மீறி வேலை செய்யுது. செல்லோட சுவர்ல பம்ப் மாதிரி ஒண்ண நெறைய செஞ்சு வச்சிருக்கு. மருந்து உள்ள வர வர வெளிய தள்ளிடுது."

"குடும்ப ரத்தமா?"

"இல்ல. அவங்களுக்குப் பொறப்புலேருந்து இருக்கிற ஜீன் நல்லாத்தான் இருக்கு. மாறினது கட்டிக்குள்ள. புது மருந்த அந்த பம்ப்பால அவ்வளவா வெளிய தள்ள முடியாது. கண்டிப்பா கேக்கும்னு சத்தியம் பண்ண முடியாது. ஆனா வாய்ப்பு இருக்கு."

பம்பாம். ஊரெல்லாம் அதைச் சரிசெய்து பிழைக்கிறேன். அக்கா மார்புக்குள் ஒன்று பழுதே ஆகாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. என் தொழில்மேலேயே எனக்கு அருவருப்பு வந்தது.

"புரிஞ்சுதா அக்கா? மருந்தக் கக்கினது நீ இல்ல. அந்தச் சனியன். நீ பாட்டுக்கு எதை எதையோ முழுங்கிட்டுக் கெடந்திருக்க."

"நெசமாவாடா? நான் இல்லையா?"

"நீ இல்ல."

"அப்ப எடுக்கலாமா?"

"தாராளமா எடு."

இத்தனை நாள் அடக்கியதெல்லாம் சேர்ந்து வந்தது போல இருந்தது. வாளி தேட நேரமில்லை. பாதி பளபளக்கும் தரையில், பாதி என் காலில். நான் அவள் நெற்றியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டேன். வாந்தி வராமல் நின்ற பெருமை ஒரு நிமிஷம்கூட நிலைக்கவில்லை. தலையைத் திருப்பிக்கொண்டு நானும் எடுத்தேன். அத்தான் மூக்கைப் பொத்திக்கொண்டு துடைப்பத்துக்கு ஓடினார்.

"ஹலோ? என்னங்க சத்தம்?" என்றது போன்.

"ஒண்ணுமில்ல டாக்டர். குடும்ப ரத்தம்" என்றேன்.

அக்கா சிரித்தாள். துண்டை அவிழ்த்து வாயைத் துடைத்தாள்; பிறகு என் வாயையும். "போன வச்சிராதடா. புது மருந்த எப்ப ஏத்துறாங்கன்னு கேளு. நீயும் வரணும், ஆமா. ரெண்டு வாளி எடுத்துட்டு வா."